எங்கள் சபை பார்த்துக்கொள்கிறது

12 ஜூன் 1979, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். மழை விட்டபாடில்லை. தமிழ்ப் பிரிவில் இந்த வருஷமும் பிள்ளைகள் குறைவு. இருக்கிறதுகளும் செய்யுளை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் பண்ணுகின்றன. திட்டினால் என் மகள் பாப்பாவே, “அதினெந்தா அம்மா, வாயில வந்தா போதாதா?” என்கிறாள்.

வரும் வழியில் கொச்சங்காடியில் சுக்குப் பண்டகசாலை வாசலில் முனியாயி நனைந்துகொண்டு நின்றாள். வேலை நேரத்தில் வெளியே என்ன செய்கிறாய் என்று கேட்டேன். “மேஸ்திரி இனி வரண்டாமுன்னுட்டாரு டீச்சரம்மா. என் இருமல் சத்தத்துல மத்தவளுகளுக்கு வேலை ஓடலையாம்.” ஏதோ அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வது போலச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து சுமைதூக்கும் புருஷனோடு வந்தவள். அவன் தோணியிலிருந்து மூட்டை இறக்கும்போது விழுந்து செத்துப்போய்விட்டான். பிள்ளை கிடையாது. அதற்குப் பிறகுதான் எங்கள் தமிழ்ச் சபைக்கு வந்து ஞானஸ்நானம் எடுத்து சாராள் ஆனாள். பேருக்குத்தான் சாராள், எல்லார் வாயிலும் முனியாயிதான். அன்றிலிருந்து சுண்ணாம்பு போட்ட சுக்கைப் புடைத்துப் புடைத்து நெஞ்சு முழுக்கத் தூசி. முதலாளிகள் அந்தச் சுக்கைக் கப்பலில் ஏற்றினார்கள், தூசியை இவளுக்கு விட்டுவிட்டார்கள்.

இவரிடம் சொன்னேன். “சபை எதுக்கு இருக்கு பின்னே?” என்றார். இப்படி ஒரு வார்த்தை யோசிக்காமல் வரும்போது இவரை எனக்குப் பிடிக்கும். சமைக்கும்போது கைப்பிடி அரிசி டப்பாவில் ஒன்றுக்கு இரண்டு பிடியாகப் போட்டேன். உலையில் அரிசி போடுமுன் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்து வைப்பது எங்கள் சபைப் பெண்கள் எல்லோரும் செய்வது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்டினால் அது இல்லாதவர்களுக்குப் போகும். அதைப் பங்கிடும் பொறுப்பு பெண்கள் சங்கத்தில் என்னுடையது.

17 ஜூன், ஞாயிறு

ஆராதனை முடிந்து கமிட்டி எங்கள் வீட்டு முன்னறையில் கூடியது. பாதிரி ஐயர் எறணாகுளத்திலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்றபடி சபை என்றால் செக்ரட்டரியான இவரும், கொப்பரை வியாபாரம் செய்யும் தங்கப்பன் அண்ணாச்சியும்தான். களமசேரியில் பாக்டரி வேலை பார்க்கும் பாலையாவை இந்த வருஷம் புதிதாகச் சேர்த்தார்கள். ஏன் சேர்த்தோம் என்று அண்ணாச்சி முகத்தில் இன்றைக்கே எழுதி ஒட்டியிருந்தது.

முனியாயிக்கு, ஆதரவில்லாதவர்களுக்கு சர்க்கார் கொடுக்கும் அகதி பென்ஷனுக்கு எழுதிப் போடலாம் என்றான் பாலையா. அண்ணாச்சி சாயாவைக் கீழே வைத்துவிட்டார்.

“நம்ம சபை விதவை சர்க்கார் ஆபீஸ் திண்டாட்டத்துக்கு எதுக்குப் போகணும்? எங்கிட்ட வரியாப் பிடுங்கி அவளுக்குக் கொடுத்தா, அதுல என் அன்பு எங்கே இருக்கு? கட்டாயத்துல கொடுக்கிறது தர்மமா? வாங்குறவ யாருக்காக ஜெபம் பண்ணுவா? ஓட்டுத்தான் போடுவா.”

“ஜெபம் கிட்டணும்னுதான் கொடுக்கிறீங்களா அண்ணாச்சி?” என்றான் பாலையா. “நியாயத்தீர்ப்பு நாள்ல சகல தேசத்தாரையும் நிறுத்தி வச்சு, பசிச்சவனுக்குக் கொடுத்தியான்னு கேப்பாருன்னுதானே வாசிக்கிறோம். தேசத்தைக் கேக்கிறாரு. சபையை மட்டும் இல்ல.”

“வரிக்காசுல யாரு முகம் இருக்குன்னு ஆண்டவர் கேட்டாரே, ராயனுக்கு உள்ளது வேற, தேவனுக்கு உள்ளது வேறன்னு பிரிச்சுக் காட்டத்தான் கேட்டார்.”

“வரி கொடுக்கண்டாமுன்னு சொல்லலையே.”

இப்படியே போனது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். நான் கதவோரம் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விதவையைப் பற்றி இவ்வளவு வசனம் தெரிந்தவர்களில் ஒருவருக்கும் அந்த விதவையைக் கூப்பிட்டு உட்காரவைத்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் வசனம் பேச நேரம் இருக்காது அல்லவா.

கடைசியில் இவர் தீர்த்துவைத்தார். சபை அவளை முழுக்கப் பார்த்துக்கொள்ளும். பாலையா வேண்டுமானால் பென்ஷனுக்கும் எழுதிப் போடட்டும். எல்லோரும் ஜெபித்துவிட்டுப் போனார்கள்.

21 ஜூன்

அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். பண்டகசாலைக்குப் பின்னால் தகரம் சாய்த்த ஒரு மூலைதான் அவள் வீடு. பென்ஷனைப் பற்றிச் சொன்னதும் அரிசியை மறந்துவிட்டாள்.

“மாசாமாசமா டீச்சரம்மா? மணியார்டரா? போஸ்ட்மேன் இந்த வாசல்ல வந்து பேரு சொல்லி விளிப்பாரா?”

விளிப்பார் என்றேன்.

“எந்தப் பேரை விளிப்பாரு? சாராளா, முனியாயியா?”

இரண்டுக்கும் எழுந்து போ என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அது இருமலில் முடிந்தது. சபை அரிசிக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டுதான் கை நீட்டுவாள். மணியார்டருக்குத் தலையை மூட வேண்டியதில்லை என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

8 ஜூலை

பாலையா எல்லாம் எழுதி, அவள் பெருவிரலைப் பதித்துக் கொடுத்துவிட்டான். கையில் ஒட்டிய மையை மூன்று நாள் கழுவாமல் வைத்திருந்தாளாம்.

19 ஜூலை, வியாழன்

எழுதவே கை ஓடவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் சிவசங்கரன் என்று ஒரு உத்தியோகஸ்தர் விசாரிக்க வந்தார். முனியாயியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவளுக்கு யாரும் இல்லை, எதுவும் இல்லை, அது பார்த்தாலே தெரிகிறது என்றார். நல்ல மனுஷன். ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும் என்று இவரைப் பார்த்தார்.

“சாரே, இந்த ஸ்திரீக்கு உங்க பள்ளியில இருந்து ஸ்திரமா எதாவது கிட்டுதா? ஆராவது பார்த்துக்கிறாங்களா?”

கோயிலை அவர்கள் பள்ளி என்பார்கள். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிமிர்வு எனக்குத் தெரியும்.

“ஆமா. எங்க சபை பார்த்துக்கொள்கிறது. வாரா வாரம் அரிசி. துணி, மருந்து எல்லாம். எங்க சபையில பட்டினின்னு ஒரு ஆள் கிடையாது.”

அந்த மனுஷர் எழுதவந்த பேனாவை நிறுத்திக்கொண்டார். “அவ்வளவு சொல்லண்டா சாரே. வல்லப்போழும் வல்லதும் கொடுக்கும், அவ்வளவுதானே? அப்படிச் சொன்னா போதும். பார்த்துக்க ஆள் உண்டென்னு எழுதினா பென்ஷன் கிட்டாது.”

வல்லப்போழும் வல்லதும். எப்போதாவது ஏதாவது. அவ்வளவுதான் சொல்லச் சொன்னார்.

“உள்ளதைத்தான் சொல்ல முடியும்” என்றார் இவர்.

அவர் எழுதிக்கொண்டு போனார். நான் கத்திவிட்டேன். உங்க உண்மையை அவ உலையில போட்டு வேகவைப்பாளா? யாரைக் காப்பாத்த இந்த உண்மை? இவரும் கோபப்பட்டார். “பொய் சொல்லி சர்க்கார் காசு வாங்கிக்கொடுக்கிறதுக்குப் பேரு அன்பா? நாம கொடுக்கிறோம்தானே. கொடுக்கலைன்னு எப்படிச் சொல்றது?”

கொடுக்கிறோம். இன்றைக்கு நான்கு வாரமாகக் கொடுக்கிறோம். அதற்குள் அது ஸ்திரம் ஆகிவிட்டது. பாப்பா சாப்பிடாமல் எழுந்துபோய்விட்டாள்.

14 ஆகஸ்ட்

பென்ஷன் இல்லை. ஆதரவு உண்டு என்று காரணம்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

கமிட்டி. பாலையா ஒரு யோசனை சொன்னான்: ஆறு மாதம் சபை அவளுக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பது, அந்த நாட்களில் வேண்டியதை அவன் தன் கைச்செலவில் பார்ப்பது, பிறகு திரும்ப எழுதிப் போடுவது. அப்போது செக்ரட்டரி பொய் சொல்ல வேண்டிவராது.

“ஆக, ஒரு விதவைக்குக் கொடுக்காம இருக்கிறதுன்னு சபை தீர்மானம் போடணும்” என்றார் அண்ணாச்சி. “நல்லா இருக்குடே.”

இவருக்கும் அது ஒப்பவில்லை. அன்பை நிறுத்தி வைப்பதாவது. பாலையா என்னைப் பார்த்தான், பெண்களுக்குக் கமிட்டியில் வாக்கு இல்லை என்பதை மறந்துவிட்டான் போலிருக்கிறது. சர்க்கார் சட்டம் அவளை யாருமில்லாதவளாக இருக்கச் சொல்கிறது. சபை அவளை எங்களவளாக இருக்கச் சொல்கிறது. இரண்டு பேரும் அவளுக்காகத்தான் பேசுகிறார்கள். இவள் எங்கே போய் நிற்பாள்?

21 அக்டோபர், ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. தோரணம், கரும்பு, வாழைக்குலை, கோழி என்று கோயில் நிறைந்துவிட்டது. காணிக்கை ஏலத்தில் தங்கப்பன் அண்ணாச்சி ஒரு பூசணிக்காயை ஊர்ப்பட்ட விலைக்கு எடுத்து, “இது நம்ம முனியாயி அக்காவுக்காக” என்று சொன்னார். கைதட்டு. பிறகு அவளை முன்னால் கூப்பிட்டுப் புதுச்சேலை கொடுத்தார்கள். ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

வெளியே வந்ததும் என் காதில், “இந்தப் பூசணிக்காய நான் எப்படித் தூக்கிட்டுப் போவேன் டீச்சரம்மா?” என்றாள். கடைசியில் பாலையாதான் தூக்கிக்கொண்டு போனான்.

அண்ணாச்சியை வெறும் வேஷக்காரர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அப்படியும் இல்லை. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

2 மார்ச் 1980

இருமல் கூடிவிட்டது. தர்மாஸ்பத்திரியில் காசநோய் இல்லை, தூசிதான் என்றார்கள். பிறகு இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

9 மார்ச், ஞாயிறு

மழைக்கு முன் முனியாயியை நம் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார் இவர். இருப்பது இரண்டு அறை. பாப்பாவும் நானும் ஒரு பாயில் படுக்கிறோம். “இருக்கலாம்” என்று டாக்டர் சொன்ன சொல்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது. வேண்டாம் என்றேன். இவர் மறுபடி கேட்கவில்லை. இவர் கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுவும் உண்மை.

2 நவம்பர் 1980, ஞாயிறு

வயல் வேலை செய்து வயதானவர்களுக்கு சர்க்கார் பென்ஷன் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து சபையில் ஒரே பேச்சு. அதை வைத்துக் கைப்பிடி அரிசியும் குறைந்துகொண்டே வருகிறது. இன்று கொட்டியபோது சாக்கின் அடி நிறையவில்லை. கேட்டால், “அதான் சர்க்கார் கொடுக்குதே டீச்சர், நம்ம வரிதானே அது” என்கிறார்கள். வரியே கட்டாதவர்களும் அதையே சொல்கிறார்கள்.

முனியாயி வயல் வேலைக்காரி இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் இஞ்சியை விளைவிக்கவில்லை, காய்ந்த பிறகு புடைத்தாள். அதனால் அவளுக்குக் கிடையாது. “அப்படியா?” என்று கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த வாரமும் டப்பா அதே கனம்தான்.

அண்ணாச்சி கடையில் விற்பனை வரிக்காரர்கள் வந்து கணக்கெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்களாம். “இந்த வருஷம் நான் கொடுக்கிற தர்மத்தையெல்லாம் அவனுக எடுத்துட்டானுக. இனி அவனுகளே விதவையைப் பார்க்கட்டும்” என்றார். போன வருஷம் இதையே பாலையா சொன்னபோதுதான் சாயாவைக் கீழே வைத்தார்.

5 மார்ச் 1981

பாலையா சபையை விட்டுப் பிரிந்துவிட்டான். களமசேரியில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது என்றான். அது மட்டும் காரணம் இல்லை. கமிட்டியில் அண்ணாச்சி அவனைக் கட்சிக்காரன் என்றார், அவன் அண்ணாச்சியை வேஷக்காரப் பரிசேயன் என்றான். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது.

முனியாயிக்கு மண்ணெண்ணெயும் மருந்தும் அவன் கையால் போய்க்கொண்டிருந்தது. போகும்போது என்னிடம், “களமசேரியில இருந்து தினம் வர ஒக்காது டீச்சர், ஞாயிறு வருவேன்” என்றான். இரண்டு ஞாயிறு வந்தான். அவன் பெண்டாட்டிக்கு இது நிறைமாசம்.

17 மே

அரிசியில் புழு. ரேஷனில் வாங்கி யாரும் தின்னாததை ஆண்டவர் டப்பாவில் போட்டிருக்கிறார்கள். சங்கத்துக் கூட்டத்தில் ஒரு பிடி எடுத்து மேசைமேல் பரப்பி வைத்தேன். ஒருத்தி மட்டும், “புடைச்சா சரியாயிரும் டீச்சர்” என்றாள்.

புடைப்பதற்கு முனியாயியைவிட யார் உண்டு.

23 ஆகஸ்ட், ஞாயிறு

நானே ஆபீசுக்குப் போனேன், முந்தாநாள் அரை நாள் லீவு போட்டு. சிவசங்கரன் சார் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டு வழி சொன்னார்: இப்போது சபை அவளை ஆதரிக்கவில்லை என்று சபையே எழுதிக் கொடுத்தால் திரும்பப் பரிசீலிக்கலாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவுதானே? இப்போது அது பொய்யும் இல்லையே. போன மாதம் முழுக்க அவளுக்குப் போனது என் வீட்டு அரிசி. சபை டப்பாவில் வந்ததைக் கோழிக்குத்தான் போடலாம்.

இன்றைக்குக் கமிட்டியில் இவர் அதை வைத்தார். இந்தத் தடவை உண்மையாகவே தயாராக இருந்தார். “உள்ளதை எழுதுவோம், கொடுக்கலைன்னு” என்றார். அண்ணாச்சி கேட்டார்: “தமிழ்ச் சபை ஒரு விதவைக்குச் சோறு போடலைன்னு நம்ம கையால எழுதி, சபை முத்திரை குத்தி, சர்க்காருக்குக் கொடுக்கணுமா? நாளைக்கு மத்த சபைக்காரன் என்ன சொல்வான்?” மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அதற்குப் பதில் அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காகக் கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள்.

தீர்மானம் போட்டாச்சு. அழவும் வரலை எனக்கு. கொடுக்கவும் மாட்டாங்க, கொடுக்கலைன்னு சொல்லவும் மாட்டாங்க. இவர் கமிட்டி முடிந்தும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இவங்க வெட்கத்துக்குப் பலி ஒரு விதவையா ஆண்டவரே? உமக்குக் கேட்கிறதா இல்லையா?

11 அக்டோபர்

தீர்மானப்படி அரிசி ஒரே ஒரு மாதம் வந்தது.

17 பிப்ரவரி 1982, புதன்

முனியாயி படகுத்துறையில் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று பாப்பா வந்து சொன்னாள். கூடப் படிக்கிற பிள்ளைகளோடு வரும்போது பார்த்திருக்கிறாள். “அம்மா, அவங்க என்னைக் கண்டு முகம் திருப்பிட்டாங்க. நானும் திருப்பிட்டேன்.” பிறகு அழுதாள். என்ன சொல்வது பிள்ளைக்கு.

போய்ப் பார்த்தேன். பண்டிகைச் சேலைதான் கட்டியிருந்தாள். அரிசிதான் கொண்டுவந்து தருகிறேனே, பின்னே ஏன் இங்கே என்று கேட்டேன். “நீங்க தாரது அரிசி டீச்சரம்மா. விறகு? சட்டி ஓட்டையாப் போச்சு. தகரத்துக்கு வாடகை கேக்கான்.” குரலில் குறை இல்லை. விவரம் சொல்வது போலச் சொன்னாள். “இங்க நிக்கதுக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதில்ல.”

இருந்ததைக் கொடுத்தேன். தலையை மூடிக்கொள்ளாமல் வாங்கிக்கொண்டாள். அடுத்த படகுக் கூட்டம் இறங்கியது, என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

22 ஏப்ரல்

மூன்று நாளாக அவளைக் காணவில்லை. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று துறைப்பக்கம் நிற்பவர்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் சொன்னார். எங்கே என்று கேட்டால் கை காட்டுகிறார், தெற்கே.

16 மே, ஞாயிறு

பிச்சைக்காரர்களைக் கொண்டுபோய் வைக்கும் சர்க்கார் இல்லம் எது என்று தேடிக் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆகிவிட்டது. நான் தனியாகப் போனேன். இவருக்கு எறணாகுளத்தில் கூட்டம்.

பெரிய கட்டடம், சுத்தமாகத்தான் இருந்தது. வரிசையாகப் பாய். கஞ்சி, பயறு, மருந்து, எல்லாம் உண்டு. பேச்சியம்மாள் என்று ஒரு ஆயா, செங்கோட்டைக்காரி, என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். முனியாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “முனியாயி” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஆயாவைப் பார்த்தாள். “இவங்க ஆருன்னு எனக்குத் தெரியலையே” என்றாள்.

சாராள் என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பேருக்கும் அவள் அசையவில்லை. ஆயா, “ஆளு மாறிப்போயிருக்கும்மா” என்று என்னை வெளியே கொண்டுவந்துவிட்டாள். கேட்டருகில் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒங்களுக்கு வெவரம் தெரியாதா? சொந்தம் பந்தம்னு ஆராச்சும் வந்தா, கூட்டிட்டுப் போன்னு எழுதி அனுப்பிருவாங்க. எடம் பத்தலை. ஆளு இல்லாதவங்களுக்குத்தான் இங்க சோறு. பாவம், மூணு வேளை திங்கா. நீங்க இனி வராதீங்க.”

சரி என்றேன். நடந்து வந்தேன். பஸ்ஸில் ஏறவே மறந்துவிட்டேன்.

17 மே

இவரிடம் சொன்னேன். “அவளும் பொய் சொல்ற மாதிரி ஆயிட்டே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான், “அவளுக்கு வேற என்ன இருக்கு கையில?” என்றேன். இந்த மூன்று வருஷத்தில் அவளுக்கு நேரத்துக்குச் சோறு போட்டது சர்க்கார்தான், அதுவும் பிச்சைக்காரி என்று பிடித்துக்கொண்டு போனதால். அண்ணாச்சியும் பாலையாவும் இதற்கு என்ன வசனம் வைத்திருக்கிறார்கள்?

12 செப்டம்பர், ஞாயிறு

சபை அறிக்கை வாசித்தார்கள். ஏழைகள் உதவி என்ற தலைப்பில், “இவ்வருடம் தேவை எழவில்லை” என்று இருந்தது. எழுதியது இவர் இல்லை, அண்ணாச்சி. வாசித்தது இவர். அந்த வரியில் குரல் நிற்கவில்லை, தடுமாறவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார்.

5 டிசம்பர்

செக்ரட்டரி வேலையிலிருந்து விலகுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். வேறு யாரும் முன்வரவில்லை.

20 ஜனவரி 1983, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முன்னறையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இல்லத்திலிருந்து வந்தவர். இடநெருக்கடி, அதனால் ஆள் உள்ளவர்களைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறார்களாம். அங்கே ஒரு தமிழ்ப் பாட்டி தூக்கத்தில் கிறிஸ்தவப் பாட்டுப் பாடுகிறாளாம். கேட்டால் எனக்கு யாரும் இல்லை, நான் எந்தச் சபையும் இல்லை என்கிறாளாம். பழைய அறிக்கை ஒன்றில் இந்தச் சபையின் பேர் இருந்ததாம். போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“சாரே, இது உங்க பள்ளியில உள்ள ஆளா? நீங்க பார்த்துக்கிற ஆளா?”

நான் கதவில் நின்றுகொண்டிருந்தேன். பாப்பா எனக்குப் பின்னால். இவர் போட்டோவைக் கையில் எடுத்தார். முனியாயிதான், கண்ணை அகல விழித்துக்கொண்டு. கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். நிமிரவில்லை.

“இல்லை” என்றார். “எங்களுக்குத் தெரியாது. எங்க சபை பார்த்துக்கிற ஆள் இல்லை.”

“அப்போ ஆரும் இல்லை என்னு எழுதட்டே?”

“எழுதிக்கோங்க.”

அவர் எழுதினார். இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டு, போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு போனார். முனியாயிக்கு நாளைக்கும் கஞ்சி உண்டு.

இவர் ஒரு பொய் சொல்ல வேண்டும் என்று நான் மூன்றரை வருஷமாகக் காத்திருந்தேன். சொல்லிவிட்டார். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கதவில் நின்று கேட்டபோது அதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பொய்யாகப் படவில்லை. பாப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.